காத்திருக்கும் குழுவில் வெண்பா

விருத்தாசலம்
19.02.2006

அன்புள்ள தம்பி நந்தகுமாருக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அவரும் வெண்பாவும் சுகம். போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபாலில் பிடிக்கிறேன்.

பொங்கல் முடிந்த கையோடு உங்கள் ஆராய்ச்சிக் கூட்டம் இங்கே வந்து பிள்ளைகளைச் சோதித்துவிட்டுப் போனதே, அதைப் பற்றித்தான் கேட்கிறேன். ஐந்து வயசாகியும் ஒரு வார்த்தை பேசாத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு இருப்பது ஆட்டிசம் என்று எனக்குச் சொன்னவன் நீதான். அதுவரை மாமியார் வீட்டில் நான் செய்த பாவம் என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சு உன்னால் நின்றது. அதை மறக்க மாட்டேன்.

பிள்ளையோடு எப்படி விளையாடி, எப்படிப் பேச்சுக்கு இழுப்பது என்று அம்மாக்களுக்குப் பயிற்சி கொடுப்போம் என்றாய். பீங்கான் கம்பெனியில் என் எதிரே உட்கார்ந்து பேக்கிங் செய்கிற அமிர்தத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. சனிக்கிழமையானால் மகன் பாரியோடு வகுப்புக்குப் போகிறாள். எனக்கு வரவில்லை. தபாலில் எங்கேயாவது தொலைந்ததா? விசாரித்து எழுது. ஓட்டலிலேயே சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா
பெரியநாயகி

*

சென்னை
02.03.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அழைப்பு எதுவும் தொலையவில்லை. வெண்பாவின் பெயர் ஆராய்ச்சியில் இருக்கிறது. சிலருக்கு முதலில் பயிற்சி, சிலருக்குப் பிறகு. வெண்பாவுக்குக் கட்டாயம் உண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. சித்திரையில் ஊருக்கு வரப் பார்க்கிறேன். வெண்பாவுக்கு முத்தம்.

தம்பி
நந்தகுமார்

*

விருத்தாசலம்
26.03.2006

நந்தகுமாருக்கு,

கொஞ்சம் பொறு என்று எழுதினாயே, உங்கள் ஊரில் கொஞ்சம் என்றால் ஒரு வருஷமா?

வகுப்பில் சொல்லித் தருகிற பெண் அமிர்தத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சீட்டுக் குலுக்கிப் போட்டீர்களாம். பாதிப் பிள்ளைகளுக்கு இப்போதே பயிற்சி, மீதிப் பாதிக்கு ஒரு வருஷம் ஒன்றும் கிடையாது. அதற்குக் காத்திருக்கும் குழு என்று பெயர். வருஷக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்ப்பீர்களாம். அப்படியென்றால் என் பிள்ளையால் உனக்கு என்ன உபயோகம்? ஒன்றுமே செய்யாமல் விட்டால் ஒரு பிள்ளை எப்படி ஆகும் என்று காட்டுவதற்கு அவள் வேண்டும். அவ்வளவுதானே?

"இன்னா பெரியநாயகி, உன் தம்பிதானே அங்க பெரிய ஆளு, உனக்கே சொல்லலியா?" என்று அமிர்தம் கேட்டாள். பேக்கிங் வைக்கோலுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

சின்ன வயசில் ஒரு மாசம் வீணானாலும் நஷ்டம் என்று என் வீட்டில் உட்கார்ந்து சொன்னவன் நீ. அன்றைக்கு ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டினாய். என்னடா இது என்றேன். "நான்தானேக்கா, போடு" என்றாய். கையெழுத்துப் போட்டேன். வேறு யார் நீட்டியிருந்தாலும் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பேன். தாய்மாமன்டா நீ. வயிறு எரிகிறது.

பெரியநாயகி

*

சென்னை
04.04.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது நியாயம்தான். ஆனால் சீட்டைப் போட்டது நான் இல்லை, கம்ப்யூட்டர். என் அக்கா மகள் என்று நான் அதில் கை வைத்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, சிபாரிசு.

அன்றைக்கே விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ வேண்டாம் என்பாய், வெண்பாவைச் சோதிக்காமலே விட வேண்டி வரும் என்று பயந்தேன்.

இந்தப் பயிற்சி பலன் தருகிறது என்று எண்ணிக்கையில் காட்டினால்தான் பணம் கொடுக்கிறவர்கள் விருத்தாசலத்தில் நிரந்தரமாக ஒரு மையம் வைப்பார்கள். பெண்ணாடத்துப் பிள்ளை, வேப்பூர்ப் பிள்ளை, கருவேப்பிலங்குறிச்சிப் பிள்ளை எல்லோருக்கும் அது உதவும். அதற்காகத்தான் ஒரு வருஷம். நீ இதை மட்டும் செய். வகுப்பில் கற்றதை வெளியே சொல்லக்கூடாது என்று அமிர்தத்திடம் சொல்லியிருக்கிறோம். நீயும் அவளைக் கேட்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி
நந்தகுமார்

*

சென்னை
21.03.2007

அக்காவுக்கு,

ஒரு வருஷமாக நான் எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. போன மாதம் கடைசிச் சோதனைக்கு வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பரவாயில்லை. இதற்காவது பதில் எழுது.

கணக்குப் போட்டு முடித்தாயிற்று. இரண்டு குழுவும் ஒரே அளவு முன்னேறியிருக்கிறது. பயிற்சி எடுத்த பிள்ளையும் எடுக்காத பிள்ளையும் ஒன்று என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? பயிற்சியால் ஒரு பலனும் இல்லை என்று அர்த்தம். மையம் கிடையாது. நாலு வருஷமாக நாயாய் உழைத்தது குப்பைக்குப் போகிறது.

கடைசிச் சோதனையில் எடுத்த வெண்பாவின் வீடியோவை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அவள் சாஸரைத் தரையில் சுழற்றுகிறாள், நீயும் எதிரே உட்கார்ந்து இன்னொரு சாஸரைச் சுழற்றுகிறாய். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் உன் முகத்தைப் பார்க்கிறவரை காத்திருக்கிறாய். எங்கள் வகுப்பில் சொல்லித் தருவது அச்சு அசலாக அதுதான். அமிர்தத்தைக் கேட்காதே என்று காலைப் பிடித்தேனே அக்கா! உன் ஒரு பிள்ளைக்காக இந்தச் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோர் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டாயே.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. இடையில் வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை, பாதி வருஷம் வெளியூரில் இருந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவேன். உன்னோடு வேலை செய்கிற, காத்திருக்கும் குழுவில் இருக்கிற நீலாவதியையும் கண்ணம்மாளையும் அதேபோல் எழுத வை. அவர்கள் பிள்ளைகளையும் எடுத்துவிட்டால் வித்தியாசம் தெரியும். மையம் வரும்.

நந்தகுமார்

*

விருத்தாசலம்
01.04.2007

நந்தகுமாருக்கு,

ஆமாம், கேட்டேன். அமிர்தம் லேசில் சொல்லவில்லை. "வெளிய சொன்னா என் புள்ளைய நிறுத்திடுவாங்கன்னு பயமா இருக்குதுக்கா" என்று அழுதாள். பிறகு ஒரு நாள் வெண்பாவைக் கம்பெனி ஷெட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். சூளையில் கோணிப்போய்க் கழித்த சாஸர்களை எடுத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். நான் பிடுங்கிப் பிடுங்கி வைத்தேன். அமிர்தத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "பிடுங்காதக்கா, நீயும் ஒண்ண எடுத்துச் சுத்து" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பம். நீலாவதி பார்த்தாள், கண்ணம்மாள் பார்த்தாள். ஆடியில் ஒரு நாள் சாஸரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெண்பா என் முகத்தைப் பார்த்து, "தா" என்றாள். ஷெட்டே வேலையை விட்டு எழுந்து நின்றது. உனக்கு எழுத வேண்டும் என்று கை துடித்தது. எழுதினால் கணக்கு கெட்டுவிட்டது என்பாய் என்று எழுதவில்லை. என் பிள்ளையின் முதல் வார்த்தையை உன்னிடம் ஒளித்து வைக்கும்படி செய்தாயே, அதற்கு என்ன பதில் சொல்வாய்?

நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிடுகிற பொம்பளைகளுக்குள் சீட்டுப் போட்டுவிட்டு, இவளிடம் அவள் சொல்லக்கூடாது என்கிறாய். நீ இந்த ஊரில் பிறந்தவன்தானா? ஆராய்ச்சியை நடத்துகிற சென்னை மேடத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குமா தெரியாது?

ஆனாலும் மையம் போய்விட்டது என்று நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேப்பூரில் எவளோ ஒருத்தி, என்னைப் போலவே பாவி என்று பேச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு எதிரே அமிர்தம் கிடையாது. அவளுக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். "தா" என்ற பிள்ளையை, அந்த வருஷம் இல்லவே இல்லை என்று நான் எப்படி எழுதுவேன்?

அதனால் உன் மேடத்துக்கு நானே எழுதிவிட்டேன். நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அமிர்தமும்தான். நாங்கள் அத்தனை பேரும் கற்றுக்கொண்டோம், அதனால்தான் அத்தனை பிள்ளைகளும் முன்னேறியிருக்கிறார்கள், பலன் இல்லாத ஒன்றை யாராவது பயந்து பயந்து கேட்டுக் கற்றுக்கொள்வார்களா என்று எழுதினேன். மையம் வைப்பதும் வைக்காததும் இனி அவர்கள் பாடு. நீ பொய் எழுதச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. கூடப் பிறந்த பாவத்துக்கு அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள். போன திங்கட்கிழமை மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய், ஊரார் குறையைக் காகிதத்தில் எழுதி முருகனிடம் முறையிடுகிற மாதிரி, கொளஞ்சியப்பரிடம் உன்மேல் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தேன். கூடப் பிறந்தவன் மேல் யாராவது பிராது கட்டுவார்களா என்று வீட்டில் அவர் தடுத்தார். கேட்கவில்லை. அதில் சீட்டைப் பற்றி எழுதவில்லை. நான் படிக்காமல் போட்ட கையெழுத்தைப் பற்றியும் எழுதவில்லை.

கடைசிச் சோதனையன்று நீ மூலையில் கேமராவுக்குப் பின்னால் நின்றாய். சாஸரை வைத்துவிட்டு வெண்பா உன்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் போட்டோவைக் காட்டிக் காட்டி நான் சொல்லிக் கொடுத்தது. கோபத்திலும் அதை மட்டும் நிறுத்தவில்லை. "மாமா" என்றாள். இரண்டு முறை சொன்னாள். சோதனையின்போது பேசக்கூடாது என்பது உங்கள் சட்டமாம். நீ கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீடியோவை மறுபடியும் போட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, நான் சுழற்றிய சாஸர் தெரிந்த உனக்கு அது காதில் விழவில்லையா?

பிள்ளை கூப்பிட்டாள், தாய்மாமன் ஏன் என்று கேட்கவில்லை. பிராதில் இருப்பது அது ஒன்றுதான்.

குறை தீர்ந்தால் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை எடுக்க வேண்டும். நான் அவசரப்படப் போவதில்லை. வெண்பா இப்போதும் சோதனை நடந்த அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே பார்த்து "மாமா" என்று கூப்பிடுகிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குப் பதில் நான் சொல்ல முடியாது.

பெரியநாயகி