முன்வரிசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

அன்பு மகள் நிவேதிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் கூடத்து மின்விசிறியும் சௌக்கியம், மூன்று பேரில் மின்விசிறிதான் இப்போதெல்லாம் குறைவாகப் புலம்புகிறது. டப்ளினில் உன் உடம்பும் உன் சமையலும் எப்படி இருக்கின்றன என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் தபால்தலை ஒட்டிக் கடிதம். இதை உட்கார்ந்து முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தேக்கா சந்தையில் ஆரஞ்சுச் சர்க்கரை தூவிய அப்பத்தை அவர் ஒளிந்து நின்று தின்பது டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

எதிர்வீட்டு ஹம்னாவும் நானும் பல்கலைக்கழகத்துப் பொதுச் சொற்பொழிவுகளுக்கும் எழுத்தாளர் வாசிப்புகளுக்கும் இன்னும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறோம். இலவசம், ஏசி, முடிந்ததும் தின்னச் சுடச்சுடக் கறிபஃப். கறிபஃப்புக்காகத்தான் போகிறோம் என்று நீ நினைத்தால் அது அபாண்டம், பாதிதான் அதற்காக. போன தடவை ஒரு பேராசிரியர் பழைய கடல் வரைபடங்களைப் பற்றிப் பேசினார். ஹம்னா நன்றாகத் தூங்கினாள், தூங்கினாலும் கைதட்டும் நேரத்துக்குச் சரியாக விழித்து எல்லாருக்கும் முன்னால் தட்டிவிடுவாள், அது ஒரு வரம். நான் வழக்கம்போல் கேள்வி கேட்டேன். நிகழ்ச்சியை நடத்தும் அனிதா என்ற பெண் நான் கையைத் தூக்கினாலே மைக்கை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடக்கிறாள். நல்ல பிள்ளை, அவளுக்கு எதற்குச் சிரமம் என்று நானே எழுந்துபோய் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தத் தடவை நடந்த கூத்தைக் கேள். நார்வேயிலிருந்து சிவதர்ஷினி என்ற யாழ்ப்பாணத்து எழுத்தாளர் வந்து தன் கதைகளை வாசிப்பதாக இருந்தது. கூட்டம் வரும் என்று நாங்கள் சீக்கிரமே போய், நம் சிங்கப்பூர் வழக்கப்படி முன்வரிசை நாற்காலிகளில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்தோம். எனக்கு ஒன்று, ஹம்னாவுக்கு ஒன்று, ஹம்னாவின் கைப்பைக்கு ஒன்று, பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அப்பாவுக்கு ஒன்று. தேக்காவில் சாப்பாட்டு மேசையில் ஒரு டிஷ்யூ இருந்தால் எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் தட்டை ஏந்திக்கொண்டு வேறு இடம் தேடிப் போகிறார் இல்லையா, அந்த மரியாதை இங்கேயும் செல்லும் என்றுதான் நினைத்தேன். அப்போது காட்டன் புடவையும் துணிப்பையுமாக ஒரு பெண் வந்து, அப்பாவின் டிஷ்யூவைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காரப் போனார். நான் விடுவேனா, டிஷ்யூ கண்ணுக்குத் தெரியலையா, ஆள் வருது, பின்னாடி நிறைய இடம் இருக்கு பாருங்கம்மா என்றேன். பாவம், குறை நினைக்காதேங்கோ என்று சொல்லி டிஷ்யூவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அனிதா மேடையேறி எழுத்தாளரை வரவேற்போம் என்கிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள், அனிதா முன்வரிசையைத் தேடுகிறாள், யாரும் எழவில்லை. கடைசி வரிசையிலிருந்து அந்தத் துணிப்பை எழுந்து வருகிறது. ஹம்னா என் தொடையில் கிள்ளினாள் பார், இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. அந்த அம்மாள் மைக்கைப் பிடித்து, இந்த ஊரில எழுத்தாளரை விட டிஷ்யூவுக்கு மரியாதை கூட எண்டு இண்டைக்குத்தான் கண்டன் என்றார், அரங்கமே சிரித்தது. அந்த நேரம் பார்த்தா உன் அப்பா வரவேண்டும், எல்லாரும் பார்க்க மெதுவாக நடந்துவந்து, பாக்கெட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்ன ஜோக் என்று என்னைக் கேட்டார்.

முடிந்ததும் கறிபஃப் தட்டோடு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். சிவதர்ஷினி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சரி, வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டியதுதான் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்து, நீங்கள் நிவேதிதாவின்ட அம்மாதானே, அவவின்ட நாவல்ல வாற அம்மா, டிஷ்யூவைக் கண்டவுடன எனக்கு விளங்கிட்டுது என்றார். எந்த நாவல் என்று வாய்வரை வந்துவிட்டது. பெற்ற மகள் புத்தகம் போட்டது தெரியாத தாய் என்று சபையில் காட்டிக்கொள்ள நான் என்ன பைத்தியமா, ஆமாம் ஆமாம், எல்லாம் என் பயிற்சிதான் என்று சொல்லிவைத்தேன். பக்கத்தில் நின்ற அனிதாவுக்குக் கண் விரிந்துவிட்டது. ஐயோ ஆன்ட்டி, நீங்கதானா அது, நிவேதிதாவை ரீடிங்குக்கு இன்வைட் பண்ணோம் லா, அவங்க அம்மா நம்ம ப்ரோகிராம் ஒண்ணு விடாம வருவாங்களாம், அதனால அவங்க வரலன்னு ரிப்ளை பண்ணிட்டாங்க, அந்த அம்மா யாருன்னு நாங்க இவ்வளவு நாள் தேடிட்டு இருந்தோம் என்று கடகடவென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கறிபஃப் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன் நிவேதிதா. சிரித்துச் சமாளித்துவிட்டேன், ஆனால் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஹம்னா கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து நீட்டினாள்.

மறுநாளே நூலகத்தில் உன் புத்தகத்தை எடுத்துவந்து ஒரே மூச்சில் படித்தேன். நீ பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, சில திருத்தங்கள் மட்டும். நான் பிறந்ததிலிருந்து ஊதாப் புடவை கட்டியதில்லை. மீனுக்குப் பேரம் பேசுவேன், ஒப்புக்கொள்கிறேன். கறிவேப்பிலைக்கும் பேரம் பேசுகிறேன் என்று எழுதியிருக்கிறாய், காய்கறி வாங்கினால் அதைச் சும்மாவே போட்டுத் தருவார்கள், அதுகூடத் தெரியாத எழுத்தாளரா நீ. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் உங்கள் முதல்வர் நாற்காலியில் நான் டிஷ்யூ வைத்துவிட்டு அவரையே எழுப்பியது உண்மை, அதை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். அப்பாவை ஏன் அவ்வளவு நல்லவராக எழுதினாய் என்று புரியவில்லை, அவரே படித்துவிட்டு யார் இந்த ஆள் என்று கேட்டார். ஆனால் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, மகள் வெளிநாடு போனபிறகு சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியில் அம்மா ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு, வருகிறவர் யாரையும் அங்கே உட்காரவிடுவதில்லை என்று, அது சுத்தப் பொய். நான் அப்படியெல்லாம் செய்ததே கிடையாது. உன் நாற்காலியில் இஸ்திரி போடவேண்டிய துணிதான் மலைபோல் கிடந்தது.

என்னைக் கேலி செய்துவிட்டாய் என்று எனக்குக் கோபமில்லை. படித்தால் நான் சிரிக்கமாட்டேன் என்று நினைத்தாயே, அதற்குத்தான் கோபம். நீ வந்து வாசி. நான் முன்னால் இருந்தால் கூச்சமாக இருக்கும் என்றால் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறேன், கையைத் தூக்கமாட்டேன், கேட்கவேண்டிய கேள்விகளை ஹம்னாவிடம் சொல்லி அனுப்பிவிடுகிறேன். உள்ளேயே வரவேண்டாம் என்றாலும் சரி, வெளியே கறிபஃப் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன், மைக் சத்தம் அதுவரை நன்றாகவே கேட்கிறது. ஆனால் என்னால்தான் என் மகள் சொந்த ஊருக்கு வராமல் இருக்கிறாள் என்ற பேச்சை மட்டும் எனக்கு வாங்கிக் கொடுத்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

நீயும் உன் எழுத்தும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்கவேண்டும் என்று அம்மன் கோயிலில் சொல்லிவைத்திருக்கிறேன், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே. அனிதாவுக்கு வருகிறேன் என்று மறுபடி எழுத மறக்காதே, பிப்ரவரி மாத வாசிப்புக்கு இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லையாம், நான் விசாரித்துவிட்டேன். இன்னொன்று, உன் நாற்காலியில் கிடந்த துணியையெல்லாம் எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாயிற்று. நேற்றுச் சாப்பிட வந்த அப்பா காற்று நன்றாக வருகிறது என்று உன் நாற்காலியை இழுத்து உட்காரப் போனார். டிஷ்யூ கண்ணுக்குத் தெரியலையா, ஆள் வருது என்றேன்.

இப்படிக்கு,
ஊதாப் புடவை கட்டாத உன் அம்மா,
நாகம்மா அழகேசன்
ஃபேரர் பார்க், சிங்கப்பூர்