கார்டுக்கு வைத்த பொட்டு

சனிக்கிழமை, இரவு

ஆயுத பூஜையிலிருந்தே தொல்லை. வீட்டுப் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர் கம்ப்யூட்டரின் லாகில், அதாவது பிழைப் பதிவில், உள்ளே தகவல் போகும் பாதையில் கோளாறு என்று சொல்லும் ‘பஸ் எரர்’ என்ற ஒரே வரி, முடிச்சூர் மழை மாதிரி விடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மகள் நடை பழகிய வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறது. பயந்துபோய் பெங்களூரில் இருக்கும் அவளுக்கே போன் செய்தேன்.

“அப்பா, உள்ள சொருகியிருக்கற சர்க்யூட் கார்டைத் தொட்டியா?”

“தொடலைம்மா. கழட்டி, சந்தனம் குங்குமம் வெச்சு மாட்டினேன், அவ்வளவுதான்.”

“ஐயோ! பொட்டு வெக்கணும்னா வெளிப் பெட்டிமேல வைக்கலாம்ப்பா. கார்டுக்கா வைப்பாங்க?”

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய ‘வீட்டு இன்ஜினியர்’ நான், வேறென்ன செய்வேன்? அவள் சொன்னபடி சர்வரை அணைத்து, கார்டைத் துடைத்து மாட்டினேன். லாகில் பெய்த மழை நின்றது.

இப்போது திரையில் அவள் தத்தித் தத்தி என்னை நோக்கி வருகிறாள். கண் சொக்குகிறது. வந்து சேரட்டும், தூங்கலாம்.