அழுவதற்கு ஒரு பெயர்

அப்பாவுக்கு மாதங்கியின் நமஸ்காரம். டோம்பிவிலியில் மழை விட்டதா? முட்டிவலி தேவலையா? காது மெஷின் இல்லாமல் போனில் பாதி கேட்காது என்பதால் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

நேற்று ஒரு வேடிக்கை. சமயநல்லூர் பக்கம் ஒப்பாரியைப் படம் பிடிக்கப் போனோம். சாவு விழாத வீட்டுக்குள் பாடக்கூடாது என்று, பாடுகிற சீனியம்மாள் அக்கா எங்களைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனார். உட்கார்ந்ததும், "பேரு வேணும்ல தாயி, யாருக்குன்னு அழுகுறது?" என்றார். காலையிலிருந்து நீங்கள் போனை எடுக்காததே மனதில் ஓடியது. "எங்கப்பா, ஆலாசியம்" என்று உங்கள் பெயர் வாயில் வந்துவிட்டது. "ஆலாசியம் ராசாவே" என்று அவர் பாடப் பாட, கேமராவுக்குப் பின்னால் நான் தேம்பிவிட்டேன்.

"அப்பா போயி எம்புட்டு நாளாச்சு?" என்றார்.

"இருக்கார்க்கா."

தலையில் அடித்துக்கொண்டார். "அடியாத்தி! பொய்ச்சாவு கேட்டா ஆயுசு கெட்டிம்பாக. இருந்தாலும் ஒரு எட்டு போயி மொகத்தப் பாத்துட்டு வா."

சாயங்காலம் நீங்கள் போனை எடுத்ததும், "சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் டைரக்டர் சிவராம், அந்த ஒப்பாரிதான் படத்தின் முதல் காட்சி என்கிறார். அழிக்க மனம் வரவில்லை. வைக்கப் பயமாக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள்.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். வேண்டாம், அனுப்பாதீர்கள், அடுத்த வாரம் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வேன் ஹாரன் அடிக்கிறது. மெஷினை மாட்டிக்கொண்டே இருங்கள் அப்பா. நான் பெல் அடித்தால் நீங்கள்தான் வந்து கதவைத் திறக்க வேண்டும்.

மாதங்கி