ஆளுக்கு ஒருவர்

திருப்பதி, 10-1-1960

கோவர்த்தனனின் நைனா அவர்களுக்குக் கங்கம்மாள் நமஸ்காரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அங்கே நகரியில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சத்திரத்துச் சமையலில் கஞ்சி வடிக்கையில் என் கையில் கொஞ்சம் கொட்டிவிட்டது. ஆறிவிட்டது, கவலை வேண்டாம்.

நேற்று நம் மகன்கள் இருவரும் வந்தார்கள். நான் வேலையை விட்டபின் நம்மை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு.

"திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தோட போவுது. நைனா அங்க என் வீட்ல இருக்கட்டும். நீ புத்தூர்ல தம்பியோட இரும்மா. ஆளுக்கு ஒருத்தர்னா செலவு தாங்கும்" என்றான் பெரியவன் கோவர்த்தனன்.

"ஜோடி மாட்டைப் பிரிக்கிற மாதிரி பேசிக்கினு இருக்கியேடா" என்றேன். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பேரப்பிள்ளைகளே வீட்டுக்கு நான்கு பேர்.

நீங்கள் சரி என்று சொல்லிவிட்டீர்களாம். நான் நம்பவில்லை. இங்கே சத்திரத்துப் பின்கட்டில் நம் இருவருக்கும் ஓர் அறை தருவார்கள். உட்கார்ந்து காய் நறுக்கும் வேலை இருக்கிறது, கை ஓடும்வரை செய்வேன். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் துன்னுவதா என்று யோசிக்காதீர்கள்.

நகரி பஸ் புறப்படுகிறது, கடிதம் கொண்டுவரும் செங்கம்மா அவசரப்படுகிறாள். குளிருக்கு என் பழைய கம்பளியை அவளிடம் கொடுத்தனுப்புங்கள். வேண்டாம், நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கங்கம்மாள்