ஒரு விநாடித் தண்ணீர்

மாசி 9, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். எனக்குள்ளேயே நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு மகத்தான முடிவு: கேமரா ஷட்டர் ஒரு விநாடி. விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்ற எதிர்க்கட்சி தோற்றது. யுத்தம் நடத்துகிறவர்கள் இவ்வளவு யோசித்திருந்தால் போட்டோ பிளேட்டுக்குத் தட்டுப்பாடு வந்திராது. கையில் இரண்டே பிளேட்.

வேகமாக எடுத்தால் தண்ணீர் உடைந்த கண்ணாடி போல் நிற்கும். ஒரு விநாடி திறந்து வைத்தால் சொட்டெல்லாம் கலந்து பட்டுத்துணி.

வேலை: சோழபுரம் ஞானமுத்துவின் வழக்கு. கண்மாய்த் தண்ணீரில் செவ்வாய் அவர் முறை. மேல்வயல்காரர் அன்றைக்கு மடையில் கல்லை அடைத்துவிடுகிறார். ஒழுகுவதுதான் இவர் நெல்லுக்கு. கதிர் வாங்கும் நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் காட்டப் படம் வேண்டுமாம்.

மாசி 10, செவ்வாய்

ராஜபாளையத்திலிருந்து மாட்டுவண்டி. இடுப்பு வலி. மடைக்குக் கீழே கற்சரிவு. அதில் சொட்டும் தெறிப்பும். குடிக்க ஏந்திய செம்பு நிறைய வெகுநேரம் பிடித்தது.

ஞானமுத்துவின் மனைவி ரோசம்மாள்: "போட்டோக்காரவிய எம்புட்டு நேரமாக் குனிஞ்சே நிக்காவ? இவிய நிமிர்றதுக்குள்ள இருக்கிற தண்ணியும் வத்திரும்."

"ஏட்டி, சும்மா இரு. அண்ணாச்சி, கொஞ்சமாத்தான் வருதுன்னு தெரியணும். அம்புட்டுத்தான்."

தெரியும் என்றேன். ஒரு விநாடி. இன்னொரு பிளேட்டை அவசரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

மாசி 11

பிளேட்டைக் கழுவினேன். அற்புதம். சரிவு முழுக்க வெள்ளைத் திரை. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று அமைந்ததில்லை. சொட்டு எங்கே என்று தேடினேன். இல்லை.

வாங்க: படம் கழுவ ஹைப்போ, தேங்காயெண்ணெய், இடுப்புக்குத் தைலம்.

மாசி 16, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர். கரிவாயு பஸ், சட்டையெல்லாம் புகை. கோர்ட்டில் படம் கைமாறிக்கொண்டே இருந்தது. குமாஸ்தாகூட எட்டிப் பார்த்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல்: "இந்தப் படத்தில் கைவேலை, திருத்தம் ஏதாவது செய்தீரா?"

"ஒரு புள்ளிகூட இல்லை."

"அன்று மடையிலிருந்து விழுந்த தண்ணீர் இதுதானே?"

"இதேதான்."

ஷட்டர் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முன்சீப், "பிரமாதமாக இருக்கிறதே" என்று இரண்டாம் முறை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு தண்ணீர் போதும் என்று வழக்கு தள்ளுபடி.

வெளியே வேப்பமரத்தடியில் ஞானமுத்து. கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. "அண்ணாச்சி, நான் இந்தத் தண்ணியப் பாத்ததே இல்லையே. எங்க போயி எடுத்தீய?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவரும் அங்கேயே நின்றார்.

பங்குனி 11

புழுக்கம். ஸ்டுடியோ ஜன்னல் திரையில் எலி கடித்த ஓட்டை, தைக்க வேண்டும்.

ஞானமுத்துவும் ரோசம்மாளும் வந்தார்கள். பயிர் கருகி, மாட்டுக்கு அறுத்துப் போட்டாயிற்றாம். அவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை ரயில். வீட்டில் வைக்க ஒரு படம்.

"மூஞ்சி மூஞ்சியாவே விழணும் அண்ணாச்சி" என்றாள் ரோசம்மாள்.

மிச்சமிருந்த பிளேட். வெளிச்சம் போதவில்லை. மறுபடியும் ஒரு விநாடி. அசைந்தால் மூஞ்சியும் அந்தத் தண்ணீர் போல் கலைந்துவிடும். ஞானமுத்து அசையவில்லை.