அளவு தெரியாத சட்டை

அன்பு மகளுக்கு,

கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். நாற்பது வருஷம் துணி வெட்டிய கை இப்போது நடுங்குகிறது. வயசானதால்தான் என்று நினைத்திருந்தேன்.

என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, உன் மகனைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், “உங்க நடுக்கம், பேரனோட மூளை வளர்ச்சிக் குறை, ரெண்டுமே ஒரே மரபணுக் கோளாறாலதான். உங்ககிட்டேர்ந்து உங்க பொண்ணுக்குப் போயிருக்கு” என்றார்.

அவனுக்குப் பேச்சு வரவில்லை என்றதும், உன் மாமியார் முன்னால், “மாசமா இருந்தப்ப ஒழுங்கா சாப்பிட்டியாடி?” என்று கேட்டேனே. எட்டு வருஷமாகிறது, நீ என்னோடு பேசி.

தப்பாக வெட்டிவிட்டுத் துணி சுருங்கிவிட்டது என்று சாதிக்கும் தையல்காரர்களைத் திட்டியிருக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன்.

அவனுக்குச் சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கையால் தைக்க முடியாது. அளவெடுக்க மட்டும் வரட்டுமா?

அப்பா