ஆமென் உங்கள் பங்கு

என்னங்க,

துவைத்த சட்டைகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.

இருபது வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக, மயக்க மருந்து ஏறும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுலேருந்து எண்ணுங்க” என்று சொல்லியிருக்கிறேன். மருந்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மேகத்தில் கால் வைத்தவர்கள் போல ஆறு, ஏழு என்று முனகி மயங்கிவிடுவார்கள்.

நாளைக்கு அந்த ஆபரேஷன் மேஜையில் நான்.

“மூணு பேர் எப்படி ஒரே கடவுளா இருக்க முடியும்? புரியாத ஒருத்தரை நம்பி எப்படிப் படுக்கப்போறே?” என்று நேற்று எரிந்து விழுந்தீர்கள். எனக்கும் புரியவில்லைதான். என் கையைப் பிடித்திருக்கும் அவர் கை மட்டும் தெரிகிறது.

நான் எண்ணப்போவதில்லை. ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே’ என்பதற்குள் தூங்கிவிடுவேன். வெளியே உட்கார்ந்திருப்பீர்களே, நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கடைசியில் வரும் அந்த ஆமெனை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி